எடை குறையவில்லை, பேன்ட் மட்டும் லூசாகிறதே!

கேள்வி: வயது 38, எடை 84 கிலோ. மூன்று மாதமாக ஜிம்முக்குப் போகிறேன், சாப்பாட்டையும் குறைத்திருக்கிறேன். பேன்ட் லூசாகிவிட்டது, எடை மட்டும் ஒரு கிலோதான் இறங்கியிருக்கிறது. 'முதலில் கொழுப்பைக் குறை, தசையை அப்புறம் பார்க்கலாம்' என்கிறார்கள் நண்பர்கள். வெயிட் தூக்குவதை விட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். கொழுப்பு குறைந்து தசை கூடினால் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் ஒரு கிலோ தசை ஒரு கிலோ கொழுப்பைவிடக் குறைவான இடத்தைத்தான் அடைக்கும். அதோடு, பயிற்சி செய்யும் தசை கிளைக்கோஜனையும் (தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்து) தண்ணீரையும் கூடுதலாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும், அதுவும் எடை மெஷினில் ஏறித்தான் காட்டும். கொழுப்பைக் குறைப்பதும் தசையை வளர்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். அதுவும் உங்களைப் போலப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு நன்றாகவே நடக்கும், பல வருடம் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் இது கஷ்டம்.

சாப்பாட்டில் கை வைக்கும்போதுதான் பலர் தப்பு செய்கிறார்கள். தினமும் 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று வெட்டினால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போய்விடும், ஜிம்மில் தூக்கவும் தெம்பு இருக்காது. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்குச் சுமார் 135 கிராம். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று, நான்கு வேளைகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

சரி, பயிற்சி. வாரம் மூன்று நாள், ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது), தள்ளுவது, இழுப்பது என்று பெரிய தசைகளுக்கு வேலை கொடுங்கள். எத்தனை கிலோ, எத்தனை முறை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், நான் இதை வற்புறுத்தியே சொல்வேன், ஏனென்றால் போன மாதம் தூக்கியதையே இந்த மாதமும் தூக்கிக்கொண்டிருந்தால் தசைக்கு வளரக் காரணமே இல்லை. 12 முறை சுலபமாக வந்துவிட்டதா, அடுத்த தடவை கொஞ்சம் எடை கூட்டுங்கள். ஓட ஆசையென்றால் ஓடுங்கள், வெயிட்டுக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். தூக்கத்தையும் குறைக்காதீர்கள். வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பை அளந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, மாதவிடாய் நின்றுவிட்டது. வெயிட் தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடுமா?

பதில்: ஏறாதும்மா, பயப்படாதீர்கள். தசையை வளர்க்கும் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன், ஆண்களுக்கு இருப்பதில் மிகச் சிறிய பங்குதான் பெண்களுக்கு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாக வலுவிழக்கும் என்பதால், உங்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம். ரத்த அழுத்தம், மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் தொடங்குங்கள். பத்து முறை சிரமமில்லாமல் வந்தால் கையில் ஒரு சின்ன டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.