மைனர் லீக் முடிந்தது, பட்டம் இல்லை: கல்லூரியில் பயிற்சியாளர் ஆகலாமா?

பள்ளி முடித்ததும் ஒப்பந்தம் போட்டு அமெரிக்காவின் மைனர் லீக் பேஸ்பால் (உச்ச லீக்கான மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள தொழில்முறை லீக்குகள்) ஆடிய உங்கள் நண்பர், பட்டம் இல்லாமல் கல்லூரித் துணைப் பயிற்சியாளர் ஆக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கஷ்டம்தான்; பல பல்கலைக்கழகங்கள் விளம்பரத்திலேயே பட்டம் கேட்கின்றன. முதலில் பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அதில் படிப்பு உதவித்தொகை இருந்தால், ஆட்டத்தை விட்ட 2 வருடத்துக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும். தவறினால் பணம் போச்சு.

சம்பளம் பற்றிய கவலை இப்போது கொஞ்சம் குறைவு. முன்பு முதல் டிவிஷனில் (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு) மூன்றாவது துணைப் பயிற்சியாளர் சம்பளமில்லாத தன்னார்வலர். 2023 ஜூலையிலிருந்து அவருக்கும் சம்பளம் தரலாம். மேஜர் லீக் நட்சத்திரம் ட்ராய் டுலோவிட்ஸ்கி 2019-இல் ஓய்வு பெற்ற கையோடு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சரி, அது நட்சத்திரக் கதை. உங்கள் நண்பர் பக்கத்துக் கல்லூரியின் கோடை முகாமில் போய் நிற்கட்டும். பையன்களுக்குத் தரைப்பந்து அடித்துக் கொடுத்து, கால் வைப்பைத் திருத்தட்டும். தலைமைப் பயிற்சியாளர் அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்.