வாங்குவதற்கு முன் நாற்காலியிலிருந்து எழுந்து பாருங்கள்

வயதானவர்களுக்கான உடற்பயிற்சிப் பொருட்கள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றைக் கேட்டிருப்பவர்கள் பிள்ளைகள். பெற்றோருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு ஒவ்வொன்றிலும் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. ஓய்வு பெற்றதிலிருந்து உட்கார்ந்தே இருக்கிறார். நானும் தம்பியும் சேர்ந்து ட்ரெட்மில் வாங்கித் தருவதாக முடிவு செய்துவிட்டோம். எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்கலாம்? கைப்பிடி இல்லாமல் மெலிதாக வரும் மாடல் இடத்தை அடைக்காது என்கிறார்கள், அது போதுமா?

பதில்: நீங்கள் மோட்டாரைக் கேட்கிறீர்கள், நான் முதலில் நாற்காலியைப் பற்றிப் பேசப் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள். கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு அப்பாவை உட்காரச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எங்கேயும் ஊன்றாமல் முழுதாக எழுந்து மறுபடி உட்கார வேண்டும், 30 வினாடியில் எத்தனை தடவை முடிகிறது என்று நீங்கள் பக்கத்தில் நின்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது வரை உள்ள ஆணுக்கு 12-க்குக் கீழே போனால் கால் வலு சராசரியை விடக் குறைவு, தவறி விழும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதே வயதுப் பெண்ணுக்கு அந்த எண் 10. பிசியோதெரபிஸ்டுகள் வழக்கமாகச் செய்து பார்க்கும் சோதனைதான் இது, வீட்டிலேயே செய்யலாம்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. ட்ரெட்மில் இதில் முதல் ஒன்றைத்தான் தரும். பட்டை நகர்கிறது, அதன் மேல் நேராக நடக்கிறோம், அவ்வளவுதான். மனிதர்கள் விழுவதோ பெரும்பாலும் சட்டென்று திரும்பும்போதும், இருட்டில் எழுந்து போகும்போதும், படி தடுக்கும்போதும். அதனால் எண்ணிக்கை குறைவாக வந்தால் முதல் ஒரு மாதம் அந்த நாற்காலியே போதும். தினமும் எட்டு பத்து தடவை எழுந்து உட்காரட்டும், கையெட்டும் தூரத்தில் மேசையையோ சமையலறை மேடையையோ வைத்துக்கொண்டு ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை வைத்து நிற்கட்டும். வாங்கும் பணம் அதுவரை பத்திரமாக இருக்கும்.

சரி, ட்ரெட்மில்லுக்கு வருவோம். வெளியே நடக்க வசதி இல்லை, வெயில் மழை தொந்தரவு என்றால் அது நல்ல பொருள்தான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கைப்பிடி இல்லாத மாடல் 71 வயதுக்காரருக்கு வேண்டவே வேண்டாம். கைப்பிடி முன்னால் மட்டும் இல்லாமல் இரண்டு பக்கமும் நீளமாக வரவேண்டும், தடுமாறினால் கை தானாகப் போகும் இடத்தில் அது இருக்க வேண்டும். அதே சமயம் நடக்கும்போதெல்லாம் அதில் சாய்ந்துகொண்டே நடந்தால் கால் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துவிடும், அதையும் அப்பாவிடம் சொல்லிவைங்கள்.

மோட்டாரில் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் உச்சத் திறன், ஒரு கணம் எட்டும் அளவு. நீங்கள் கேட்க வேண்டியது தொடர்ந்து ஓடும் திறன் எவ்வளவு என்று, நடப்பதற்கு மட்டும் என்றால் அது 2 குதிரைத்திறன் அளவில் இருந்தாலே தாராளம். அதைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது ஆரம்ப வேகம். பொத்தானை அழுத்தியதும் மணிக்கு 1 கிலோமீட்டருக்குள் மெதுவாகப் புறப்பட வேண்டும், எடுத்த எடுப்பில் காலை இழுக்கும் மெஷின் ஆபத்து. ஆடையில் மாட்டும் கிளிப்போடு ஒரு அவசரச் சாவி இருக்கும், அதைக் கடையிலேயே இழுத்துப் பாருங்கள், பட்டை உடனே நிற்க வேண்டும். ஏறி இறங்கும் உயரம் குறைவாக இருக்கட்டும், தாங்கும் எடை அப்பாவின் எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும். வீட்டில் பின்பக்கம் இரண்டு மீட்டர் காலியாக விட இடம் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு ட்ரெட்மில் பொருந்தாது, சுவருக்கும் ஓடும் பட்டைக்கும் நடுவே விழுந்து மாட்டிக்கொள்வதுதான் இதில் நடக்கும் மோசமான விபத்து. பேரப்பிள்ளைகள் வரும் வீடென்றால் பயன்படுத்தாத நேரம் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட வேண்டும்.

கடைசியாக, அப்பாவைக் கூட்டிப்போய் அவருடைய ஷூவோடு பத்து நிமிடம் நடக்கவிட்டு வாங்குங்கள். ஆச்சரியப் பரிசாகக் கொடுக்க ஆசையாக இருக்கும், தெரியும், ஆனால் அவர் கேட்காமல் வந்த மெஷினில் அவர் ஏறமாட்டார். என் பெரியப்பாவுக்கு நான் அப்படித்தான் உட்கார்ந்து மிதிக்கும் பெடல் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். வழவழப்பான தரையில் அவர் மிதிக்க மிதிக்க அது ஒரு சாண், இரு சாண் என்று முன்னால் நகர்ந்துகொண்டே போனது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார், பாயை மடித்துப் போட்டுப் பார்த்தார், நான்காம் நாள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். உட்காரவைத்து ஒரு தடவை மிதிக்கச் சொல்லியிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும்.

இதய நோய், மார்பு வலி, தலைசுற்றல் இருந்தால் எதையும் ஆரம்பிப்பதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு, தினமும் நடக்கிறேன். எவ்வளவு தடிமனான மெத்தை போன்ற அடிப்பகுதி இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று ஷூ கடையில் சொல்கிறார்கள். வளைந்த அடிப்பகுதி உள்ள ஷூ தசையை இறுக்கும் என்றும் படித்தேன்.

பதில்: வளைந்த அடிப்பகுதிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த மாதிரி ஷூ போட்டு நடந்தாலே உடல் கட்டாகும் என்று விளம்பரம் செய்த ஸ்கெச்சர்ஸ் நிறுவனம், பொய் விளம்பரங்களைத் தட்டிக்கேட்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தொடுத்த வழக்கில் 2012-ல் 4 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு ரீபோக் நிறுவனமும் இதே மாதிரி விளம்பரத்துக்காக 2.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. அதுவும் போக, ஆடும் அடிப்பகுதி சமநிலை குறைந்த வயதில் விழவைக்கும்.

மெத்தை விஷயத்தில் கடைக்காரர் சொல்வது பாதிதான் சரி. கொஞ்சம் மெத்தை முழங்காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் மிகத் தடிமனாகவும் மிருதுவாகவும் போனால், கால் தரையில் எந்தக் கோணத்தில் படுகிறது என்பது பாதத்துக்குச் சரியாகத் தெரியாமல் போகிறது. பாதத்திலிருந்து வரும் அந்தச் செய்தியை வைத்துத்தான் நாம் தடுமாறாமல் நிற்கிறோம், வயதானால் அது ஏற்கெனவே குறைந்திருக்கும். அதனால் மிதமான தடிமன், அழுத்தினால் ரொம்ப அமுங்காத அடிப்பகுதி, குதிகாலை இறுகப் பிடிக்கும் பின்பக்கம், இதைப் பாருங்கள். கையில் எடுத்து வளைத்தால் விரல்கள் வரும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் இரண்டாக மடிந்தால் வேண்டாம்.

மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். இரண்டு பாதங்களையும் அளந்து பெரியதற்கு ஏற்ப வாங்குங்கள். நின்றபடி பார்க்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். குனிந்து கயிறு கட்டுவது கஷ்டமாக இருந்தால் ஒட்டுப்பட்டை வைத்ததை வாங்குங்கள், கயிற்றை அரைகுறையாகக் கட்டிக்கொண்டு நடப்பதைவிட அது எவ்வளவோ மேல். பயிற்சிக்கென்று ஏதாவது ஒரு பொருளுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் அது ஷூவாக இருக்கட்டும், இது என் அழுத்தமான கருத்து.

கேள்வி: ஏறி நின்றால் போதும், அதிர்வே கொழுப்பைக் கரைத்துவிடும் என்று ஒரு மெஷின் விற்கிறார்கள். 69 வயது அம்மாவுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தசை தானாக வேலை செய்தால்தான் உடல் சக்தியைச் செலவழிக்கும், உடம்பைக் குலுக்கினால் கொழுப்பு கரைந்துவிடாது. வயிற்றில் கட்டும் அதிர்வுப் பெல்ட்டுக்கும் இதே பதில்தான். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், செயற்கை மூட்டு வைத்தவர்கள், எலும்பு மிகவும் தேய்ந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் அதன் மேல் ஏறவே கூடாது.

கேள்வி: பிள்ளைகள் ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தார்கள். 10,000 அடி வராவிட்டால் மனசு கஷ்டமாக இருக்கிறது. வயது 73. இன்னும் நல்ல வாட்ச் வாங்கினால் சரியாகக் காட்டுமா?

பதில்: புது வாட்ச் வேண்டாம், அந்த எண்ணை விட்டுவிடுங்கள். 10,000 என்பது மருத்துவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவிக்கு ‘மான்போ-கெய்’ என்று பெயர் வைத்தார்கள், பத்தாயிரம் அடி அளக்கும் கருவி என்று பொருள், அப்படிப் பரவியதுதான். 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சராசரியாக 72 வயதுள்ள பெண்களைக் கவனித்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது, 7,500 அடிக்கு மேல் நடந்தும் அது மேற்கொண்டு குறையவில்லை. நீங்கள் இப்போது 3,000 நடக்கிறீர்கள் என்றால் 4,000-க்குப் போவது பெரிய விஷயம், தயவுசெய்து அதற்காகச் சந்தோஷப்படுங்கள்.

வாட்ச் காட்டும் கலோரியையும் நம்ப வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது இருப்பதிலேயே சரியானதுகூடச் செலவான சக்தியைக் கணிப்பதில் சராசரியாக 27 சதவீதம் தவறியது. அப்புறம், ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு ஏறாமல் அடங்கியே இருக்கும், வாட்ச் சொல்லும் இலக்கைத் துரத்தினால் உடம்பை வருத்திக்கொள்வதாகிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, மிதமான வேகத்துக்கு அந்த அளவுகோல் போதும். ஆனால் விழுந்தால் வீட்டாருக்குத் தகவல் அனுப்பும் வசதி உங்கள் வாட்சில் இருந்தால் இன்றே போட்டுவையுங்கள்.

கேள்வி: ஜிம்மில் ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்கிறார்கள். எனக்கு 63 வயது. சேரலாமா?

பதில்: ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. இந்த வயதில் ஒரு கண் அறுவை சிகிச்சை, ஒரு மூட்டுப் பிடிப்பு, பேரப்பிள்ளை பிறப்பு என்று ஏதாவது வந்து இரண்டு மாதம் போகாமல் இருக்க நேரும். அந்த நாட்களை நிறுத்திவைத்துப் பின்னால் சேர்த்துத் தருவார்களா, மருத்துவக் காரணத்தால் விலகினால் மீதிப் பணம் வருமா, கார்டிலிருந்து தானாகப் புதுப்பித்துக்கொள்வார்களா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

நீங்கள் போகப்போகிற நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் வயதில் யாராவது இருக்கிறார்களா, பயிற்சியாளர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எங்கே வலி என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமல் நேராக எடையைக் கையில் கொடுப்பவரிடம் சேராதீர்கள். சேர்ந்த அன்றே புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால் அதையும் மறுத்துவிடுங்கள், முக்கியமாகச் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 78. ஒருமுறை விழுந்ததிலிருந்து நடக்கவே பயப்படுகிறார். கைத்தடி ஆன்லைனில் வாங்கலாமா? வாங்கினால் இன்னும் சோம்பலாகிவிடுவாரோ?

பதில்: தடி சோம்பலாக்காது, பயந்து உட்கார்ந்திருப்பதுதான் கால் தசையைக் கரைக்கும். ஆனால் ஏன் விழுந்தார் என்பதை மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, மாத்திரையால் தலை சுற்றுகிறதா, கண் மங்கலா என்று பார்க்க வேண்டும்.

உயரத்தை மாற்றக்கூடிய தடியாக இருந்தால் ஆன்லைனில் வாங்கலாம். அம்மா ஷூ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடும்போது மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் வருகிறதோ, தடியின் பிடி அங்கே வர வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் தோள் தூக்கும், குள்ளமாக இருந்தால் கூன் விழும். பலரும் தப்பாகச் செய்வது, வலிக்கும் காலின் பக்கமே தடியைப் பிடிப்பது. வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும், வலது காலும் தடியும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். பக்கத்தில் ஒரு வாரம் நீங்களும் கூடவே நடங்கள்.

வாங்கும்போதே அடியில் மாட்டும் ரப்பர் குமிழ் தனியாகக் கிடைக்குமா என்று பார்த்து இரண்டு சேர்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை தடியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, ரப்பரில் இருக்கும் வளையக் கோடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், ஈரத் தரையில் அது வழுக்கும்.