குளிர்ப் பெட்டியில் கிடந்த கத்தரிக்காய்

கேள்வி: கிளிநொச்சிச் சந்தையில் ஒரு விதமான கத்தரிக்காய், சுப்பர்மார்க்கெட்டில் இன்னொரு விதம், எங்கள் சந்திக் கடையில் வேறொரு விதம். குளிர்ப் பெட்டியில் வைத்து விற்பதுதான் தரமானது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா? ஒரே ஊருக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?
- வாசகி ஒருவர், தருமபுரம்

பதில்: கத்தரிக்காயைப் பொறுத்தவரை உண்மையில்லை. கத்தரி, வெண்டி, கெக்கரி எல்லாம் வெப்பநாட்டுப் பயிர்கள். கத்தரியை 10 பாகை செல்சியசுக்குக் கீழே சில நாள் வைத்தால் தோலில் பள்ளம் விழும், உள்ளே விதை கறுக்கும். பெட்டிக்குள் மினுங்கிக்கொண்டு கிடக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டும்போதுதான் குணம் தெரியும். வாழைப்பழத்தை 13 பாகைக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்துவிடும். தக்காளி ருசி கெடும். கரட், லீக்ஸ், கோவா, இவற்றுக்கோ அதே குளிர்தான் ஆயுள். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்குகிற கடைக்காரர் ஒன்றைக் காப்பாற்றி மற்றதைக் கெடுக்கிறார். பழுத்த பப்பாசியையும் வாழைக்குலையையும் கெக்கரிக்காய்க்குப் பக்கத்தில் வைப்பதும் பிழை. பழம் விடுகிற எதிலீன் வாயுவால் கெக்கரி மஞ்சளாகும், கரட் கசக்கும்.

ஆகவே கரட், லீக்ஸ் போன்ற மலைநாட்டு மரக்கறிக்குக் குளிர்ப் பெட்டி உள்ள கடைக்குப் போங்கள். கத்தரி, வெண்டி, பயிற்றங்காய், கீரைக்குக் காலையில் சந்தைக்குப் போங்கள். ஆனால் சந்தையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். எங்கே, எப்போது பிடுங்கியது என்று கேளுங்கள். வன்னித் தோட்டத்துக் காய் லொறியேறி, 1999இல் திறந்த தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்கிற மொத்தச் சந்தைக்குப் போய், அங்கே கைமாறி, ஏ9 வீதியால் திரும்பி நமது கடைகளுக்கே வருவது உண்டு. கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்குச் சுமார் 180 கிலோமீற்றர். இரண்டு பயணமும் இரண்டு ஏற்றி இறக்கலும் பட்ட காயும், விடியப் பிடுங்கிச் சைக்கிளில் வந்த காயும் ஒரே பலகையில் கிடந்தால் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்!

வழியில் நடக்கிற சேதம்தான் எனக்குக் கோபம் தருகிறது. தக்காளியையும் கத்தரியையும் சாக்கில் இறுக்கி, சாக்குக்கு மேல் சாக்கு ஏற்றி, அதற்கும் மேலே ஆட்களும் குந்துகிறார்கள். நாட்டில் அறுவடைக்குப் பின் மரக்கறியும் பழங்களும் 30 முதல் 40 வீதம் வரை வீணாகின்றன என்று விவசாயத்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். பிளாஸ்ரிக் கூடைகளில் ஏற்றினால் இதில் பெரும் பங்கு மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஏன் மாறவில்லை? கமக்காரன் கொண்டுவருகிற 100 கிலோவில் 10 கிலோவைக் ‘கழிவு’ என்று சந்தையிலேயே வெட்டிவிடுகிற வழக்கம் வடக்கில் இன்னும் கிடக்கிறது. நசிந்து போகப்போகிற காய்க்கு முற்பணம் போல அது அவனிடமே அறவிடப்படுகிறது. பிறகு பக்குவமாகக் கையாள வேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது?

உங்கள் சந்திக் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன முதலாளி பெரும்பாலும் சந்தை கலையும் நேரத்தில் மிச்சத்தை மலிவாக எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர். வாங்குகிறவர்களில் பலர் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்குகிற கூலிக் குடும்பங்கள். கடனுக்கு வாங்குகிறவர் காயைத் திருப்பிப் பார்க்கவும் கூச்சப்படுவார். அழுகலை வெட்டி எறிந்துவிட்டுப் பார்த்தால், ஊரிலேயே கூடுதல் விலை கொடுப்பவர் அவர்தான். அந்தக் கடைக்கு நாலு வளவு தள்ளிக் கிணற்றடித் தோட்டத்தில் கத்தரி காய்த்துக் கிடக்கும். அதே முதலாளி காலையில் அங்கே பத்துக் கிலோவை நேராக, கழிவு வெட்டாமல் நிறுத்து எடுக்கலாம். நீங்களும் அயலவர்களும் சேர்ந்து அவரிடம் இதைக் கேளுங்கள்.