பெருச்சாளிக்கு மரப்பெட்டிப் பொறி: கேள்வி பதில்

கே: சர்க்கரைவள்ளிப் பாத்தியைப் பெருச்சாளி தோண்டித் தள்ளிவிட்டது. மரப்பொறிக்கு என்ன அளவு வேண்டும்?

ப: உள்ளளவு 24 இன்ச் நீளம், அகலமும் உயரமும் 8. பெரிய பெருச்சாளி வாலை விட்டுவிட்டே ஓர் அடி இருக்கும்; சாதாரண எலிப்பெட்டியில் வால் வாசலில் மாட்டிக் கதவு முழுசாக இறங்காது. முக்கால் இன்ச் பலகை போதும். பிளைவுட் மழையில் ஏடு ஏடாகப் பிரியும். பின்பக்கம் பலகை வேண்டாம், அரை இன்ச் கம்பி வலை அடியுங்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் தயங்காமல் நுழையும்.

கே: கதவு எப்படி விழும் சார்?

ப: வாசலின் இரு ஓரமும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, கதவு ஏறி இறங்கக் காடி (பள்ளம்) அமையுங்கள். ரீப்பர் 16 இன்ச் உயரம் வேண்டும். 8 இன்ச்சோடு நிறுத்தினால் தூக்கிய கதவு சாய்ந்துவிடும். மூடியின் நடுவில் 12 இன்ச் கால் நட்டு, அதன் மேல் 2 அடிக் குச்சியை ஏற்றம் மாதிரி வையுங்கள். ஒரு முனைக் கயிறு கதவுக்கு, மறுமுனைக் கயிறு விசைக்குச்சிக்கு, அதாவது இரை கட்டும் குச்சிக்கு. பின்சுவரிலிருந்து 6 இன்ச் தள்ளி மூடியில் ஒரு துளை; விசைக்குச்சி அதன் வழியே தொங்கும். குச்சியில் ஒரு நூல் (1/8 இன்ச்) ஆழத்துக்கு ஒரு வெட்டு, வாசலைப் பார்த்தபடி. அது துளையின் விளிம்புக்கு அடியில் கொக்கி போல நிற்கும். இரைக்காக முட்டினால் குச்சி பின்னால் நகரும், வெட்டு நழுவும், கதவு இறங்கும். வெட்டு ஆழமானால் இரை போகும், கதவு அசையாது. பாதிப் புகார் இதுதான்.

கே: மழையில் கதவு சிக்குகிறது.

ப: பலகை ஊறி உப்பும். இருபுறமும் ஒரு நூல் இடைவெளி விட்டு, காடியில் மெழுகுவத்தி தேயுங்கள். கதவு லேசாக இருந்தால் மூக்கால் தூக்கிவிடும். கால் கிலோ இரும்புத் துண்டை அடிப்பக்கம் திருகுங்கள்.

கே: கடித்து ஓட்டை போடாதா?

ப: போடும். உள்விளிம்புகளில் 2 இன்ச் தகரம் அடியுங்கள்; காலையில் முதல் வேலையாகப் பொறியைப் பாருங்கள்.

கே: நாலு நாளாக இரை வைக்கிறேன், வரவே இல்லை அண்ணா.

ப: புதுப் பொருளுக்கு அஞ்சும். கதவைத் தூக்கிக் கட்டி, மூன்று நான்கு இரவு சும்மா தின்ன விடுங்கள். பிறகு விசையை ஏற்றுங்கள். சுட்ட தேங்காய்ச் சில்லைக் கட்டுக்கம்பியால் விசைக்குச்சியில் கட்டுங்கள். கருவாடு பூனையையும் இழுக்கும். பொறி சுவரோரம், வளைக்குப் போகும் தடத்தில் இருக்கட்டும்.

கே: கீரி விழுந்தால்?

ப: உடனே திறந்து விடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிர். எலி தின்னும் ஆள் வேறு!

கே: பெட்டியைக் கையால் கழுவலாமா?

ப: ரப்பர் கையுறையோடு மட்டும். எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியே, கையிலுள்ள கீறலில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.