நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கணக்கு

கேள்வி: குமரி மேற்கில் ஒரு நகராட்சியில் குடியிருக்கிறோம். குடிநீர்க் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் வரப்போவதாக எங்கள் கவுன்சிலரே சொன்னார். எங்க தெருவுல மூணு நாளைக்கு ஒருக்கதான் வெள்ளம் (தண்ணீர்) வருது. சொத்து வரி ஏற்கெனவே ஏறிவிட்டது, கடைக்கு வரும் கரண்ட் பில்லும் ஏறிவிட்டது. தெருக்காரர்கள் முப்பது பேர் சேர்ந்து கூட்டத்துக்கே போய்ப் பேசலாம் என்றிருக்கிறோம். பேச விடுவார்களா? வீட்டில் கிணறு இருக்கிறதே, குடிநீர் இணைப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கூட்டத்தில் பார்வையாளராக உட்கார்ந்து கேட்கலாம், பேச முடியாது. மன்றத்தில் பேசும் உரிமை உறுப்பினர்களுக்கு மட்டும்தான். சத்தம் எழுந்தால் பார்வையாளர்களை வெளியே அனுப்பத் தலைவருக்கு அதிகாரம் உண்டு.

நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப் பல கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். வாசலில் மக்கள் கோஷம் போட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே, "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்" என்று முடியும் பொருள்களை ஒருவர் வரிசையாக வாசிப்பார். கட்டண உயர்வு சாலை ஒப்பந்தத்துக்கும் தெருவிளக்கு வாங்குவதற்கும் நடுவில் ஒரு பொருளாக வரும். இரண்டு உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசுவார்கள், "நிறைவேற்றப்பட்டது" என்பதோடு அது முடிந்துவிடும். வெளியே நின்றவர்களுக்கு மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரியும். ஆகவே உங்கள் வேலை முழுவதும் கூட்டத்துக்கு முந்தைய நாட்களில்தான் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் கவுன்சிலர் கைக்குக் கூட்டத்துக்கு முன்னதாகவே வந்துவிடும். அதில் கட்டண உயர்வு எந்தப் பொருள் எண்ணில் இருக்கிறது, கூடவே வைத்த அலுவலகக் குறிப்பில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மூன்று பில்களைச் சேர்த்துச் சொல்கிறீர்கள். மூன்றுக்கும் முடிவெடுப்பவர்கள் வேறு.

கரண்ட் பில்லில் உங்கள் கவுன்சிலருக்கு ஒரு பங்கும் கிடையாது. அதைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 2022-ல் பெரிய உயர்வுக்கு முன் அந்த ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. நம் மாவட்டத்துக்காரருக்குப் பக்கம் என்றால் மதுரைதான். அங்கே போக முடியாதவர்கள் எழுத்தில் அனுப்பலாம். அனுப்பியவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

சொத்து வரியில் மன்றத்தின் கை பாதி கட்டப்பட்டிருக்கிறது. மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்பச் சொத்து வரி வருவாயும் வளர வேண்டும் என்பது நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் தருவதற்கு 15-ஆவது நிதி ஆணையம் வைத்த நிபந்தனைகளில் ஒன்று. 2022-ல் வந்த உயர்வுக்கும், அதன்பின் ஆண்டுதோறும் 6 சதவீதம் என்று பேசப்படுவதற்கும் பின்னணி இதுதான். எதிர்த்துப் பேசும் உறுப்பினர்களும் கடைசியில் கையெழுத்துப் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மானியம்தான்.

குடிநீர்க் கட்டணம் அப்படியல்ல. இதில்தான் உங்கள் குரலுக்கு உண்மையான இடம் இருக்கிறது. வரி என்பது பொதுச் செலவுக்குக் கொடுப்பது, பதிலுக்கு இன்னது கிடைக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. கட்டணம் என்பது ஒரு சேவைக்குக் கொடுப்பது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954-ல் சிரூர் மடம் வழக்கில் தெளிவாக எடுத்துச் சொன்னது. காசுக்குக் காசு பொருந்த வேண்டியதில்லை என்று பின்னால் வந்த தீர்ப்புகள் தளர்த்தின. ஆனாலும் வாங்கும் கட்டணத்துக்கும் செய்யும் சேவைக்கும் ஒரு தொடர்பு இருந்தே ஆக வேண்டும். ஆகவே "ஏன் உயர்த்துகிறீர்கள்" என்று கேட்பதை விட, "ஒரு இணைப்புக்கு உங்களுக்கு என்ன செலவாகிறது" என்று கேளுங்கள்.

எப்படிக் கணக்குப் பார்ப்பது? உதாரணத்துக்கு ஒரு ஊரில் 8,000 இணைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ஓட்டும் மின்சாரம், தண்ணீரைத் தெளியவைக்கும் ஆலம் (படிகாரம்), குளோரின், ஆட்களின் சம்பளம், குழாய் பழுது, திட்டக் கடனுக்கான தவணை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1 கோடியே 44 லட்சம் ரூபாய். வகுத்தால் இணைப்புக்கு ஆண்டுக்கு 1,800, மாதம் 150 ரூபாய். இப்போது வாங்குவது 100 என்றால் உயர்வுக்கு நியாயம் இருப்பதுபோல் தெரியும். அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்த 8,000-ல் எத்தனை பேர் ஒழுங்காகக் கட்டுகிறார்கள்? வீட்டு இணைப்பு என்று எழுதிவிட்டு லாட்ஜுக்கும் ஹோட்டலுக்கும் ஓடுவது எத்தனை? ஏற்றிய தண்ணீரில் கசிந்து போவது எவ்வளவு? கசிந்து ஓடும் தண்ணீரையும் மோட்டார்தான் மேலே ஏற்றியது, அதற்கும் கரண்ட் செலவு ஆகியிருக்கிறது. நிலுவையை வசூலிக்காமல், ஓட்டைக் குழாயை மாற்றாமல் கட்டணத்தை மட்டும் உயர்த்தினால், நாணயமாகக் கட்டுகிறவர்தான் மற்றவர்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

நகராட்சியின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் தண்ணீருக்கு என்ன செலவு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நாகர்கோவிலுக்குத் தண்ணீர் தரும் முக்கடல் அணையின் முழு நீர்மட்டம் 25 அடி. கோடையில் பத்திரிகையில் வரும் அணை நிலவரத்தைப் பாருங்கள், பேச்சிப்பாறைக்கும் பெருஞ்சாணிக்கும் அடுத்து முக்கடலுக்கு நேராக "மைனஸ்", அதாவது நீர்மட்டம் பூஜ்ஜியத்துக்கும் கீழே என்று போட்டிருக்கும் நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் தூரத்திலிருந்து தண்ணீரை ஏற்றிக் கொண்டுவரும் செலவு உண்மையானது. அந்தச் செலவைக் காட்டிக் கேட்டால் கொடுக்க மாட்டோம் என்று நம் மக்கள் சொல்வதில்லை, நான் பார்த்தவரை.

இந்தக் கேள்விகளை இரண்டு வழியில் கேளுங்கள். ஒன்று, கவுன்சிலரிடம் எழுத்தில். தெருக்காரர்கள் கையெழுத்தோடு, மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்த தேதிகளையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு காலண்டரை எடுத்து வந்த நாளில் வட்டம் போட்டு, வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் எழுதி வைத்தாலே போதும். அந்தத் தாளை மன்றத்தில் வாசித்து, தம் எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யும்படி அவரிடம் கேளுங்கள். இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு. கடந்த மூன்று ஆண்டுகளின் குடிநீர்க் கணக்கு வரவு, செலவு, நிலுவை, இணைப்புகளின் எண்ணிக்கை இவற்றை மட்டும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகலாம். கூட்டத்துக்குள் வராமல் போனாலும், தீர்மானத்துக்குப் பின் ஆட்சேபனைக்கு அறிவிப்பு வந்தால் அதுவே உங்கள் ஆதாரம். அந்த அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். ஆட்சேபனையைத் தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முப்பது பேர் திரண்டு பேசச் சட்டமே தந்திருக்கும் இடம் ஏரியா சபை, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம். 2022 நவம்பர் 1-ல், உள்ளாட்சி தினத்தன்று, அது முதல்முறையாகக் கூட்டப்பட்டது. நம் மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு இணைந்ததும் அதே தேதிதான். உங்கள் வார்டில் ஏரியா சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூடவில்லை என்றால் கூட்டச் சொல்லிக் கேட்பதும் அந்த மனுவிலேயே ஒரு வரியாக இருக்கட்டும்.

சொத்து வரி ஏறிவிட்டது என்றீர்கள். அந்த நோட்டீசை எடுத்து ஒருமுறை சதுர அடியைப் பாருங்கள். 2022-ல் சென்னை தவிர்த்த நகரங்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். நான் உதவப் போன ஒரு வீட்டில் 1,230 என்று எழுதியிருந்தது. டேப் பிடித்து அளந்தோம். சுவருக்குச் சுவர் 1,168-தான் வந்தது. அளந்தவர் சன்ஷேடின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை பிடித்திருக்கிறார். அந்த வீட்டுக்கு முன்பு அரையாண்டு வரி 800 ரூபாய். 50 சதவீதம் என்றால் 1,200, 75 என்றால் 1,400. அரையாண்டுக்கு 200 ரூபாய் வித்தியாசம், அதன்மேல் வருகிற ஒவ்வொரு உயர்வும் அந்தக் கூடுதல் தொகையின் மேலும் ஏறும். மறு அளவீடு கேட்டு மனு கொடுத்தோம், திருத்திக் கொடுத்தார்கள். ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையும், முன்னறையில் போட்ட ஒற்றைத் தையல் மிஷினும் வீட்டுக் கணக்கிலா, வணிகக் கணக்கிலா, எதில் ஏறியிருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நகராட்சி அலுவலகத்தில் தீராவிட்டால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

எதிர்க்கிறோம் என்று பணம் கட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சொத்து வரி நிலுவைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை கிடைக்கும். "ஆட்சேபனையோடு செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். நிலுவைக்காரர் கொடுக்கும் மனுவை அலுவலகத்தில் யாரும் மதிப்பதில்லை, இதை உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

கடைசியாக, கிணறு. இணைப்பைத் துண்டித்தாலும் சொத்து வரிக்குள் இருக்கும் குடிநீர், வடிகால் பங்கு போகாது, அதைத் தொடர்ந்து கட்டத்தான் வேண்டும். ஒரு கோடையில் கிணறு வற்றி மறுபடி இணைப்புக் கேட்டால் புது வைப்புத்தொகை, சாலை வெட்டும் கட்டணம் எல்லாம் புதிதாக வரும். என்னைக் கேட்டால் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வேண்டாம் என்றே முடிவு செய்தால், குழாயை அடைத்துவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள். நிலுவை முழுவதும் கட்டி, துண்டிப்பு மனு கொடுத்து, ஆள் வந்து துண்டித்த தேதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால், தண்ணீரே வராத குழாய்க்கும் மாதாமாதம் கட்டணம் உங்கள் பேரில் ஏறிக்கொண்டே இருக்கும்.