வாக்குத்தத்த அட்டையும் மாத்திரை டப்பாவும்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வயது 47. தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஆகஸ்ட் மாதம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் இப்போது பரவாயில்லை, சுவரைப் பிடித்து நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வது புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் "அது... அது..." என்பதோடு நின்றுவிடும். உடனே கோபம் வரும், டம்ளரைத் தள்ளிவிடுவார், கொஞ்ச நேரத்தில் அழுவார். கடை வைத்திருந்த மனிதர். அவர் பேச்சுக்காகவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில், அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். எரேமியா 29:11 வந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம். அவருக்காகவே வந்தது என்று நினைத்து, பிரேம் போட்டுக் கட்டில் தலைமாட்டில் மாட்டினேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் உபவாசம் இருந்து ஜெபித்தோம். ஒருநாள் குடும்ப ஜெபத்தில் பழைய கீர்த்தனை ஒன்றைப் பாடும்போது அவரும் சேர்ந்து ஒரு முழு வரியைப் பாடிவிட்டார், தெளிவாக. வீடே அழுதது. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். ஆனால் பாட்டு முடிந்ததும் பேச்சு இல்லை. இன்றுவரை இல்லை. சாட்சி சொன்ன பிறகு இப்படி ஆனதில், யார் முகத்தையும் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கு ஜெபிக்க வருகிற குழுவில் ஒருவர், "மாத்திரையை நம்புகிற வரைக்கும் தேவன் எப்படிச் செய்வார்?" என்று கேட்டார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். ஓசூரில் வேலை பார்க்கிற மகன் போனில் சத்தம் போட்டதால் விட்டுவிட்டேன்.

இப்போது பிரச்சினை நான்தான். முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது. வேதத்தைத் திறந்தால் கண் ஓடுகிறது, மனதில் எதுவும் நிற்பதில்லை. ராத்திரி 2 மணி, 3 மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. சாப்பாடு இறங்கவில்லை. இந்த முறை சபையின் அசன விருந்துக்குக்கூடப் போகவில்லை. காலையில் முழிக்காமலே போனால் நன்றாக இருக்கும் என்று சில நாள் நினைப்பு வருகிறது. எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொல்லப் பயம். பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுத்த எனக்கே விசுவாசம் போய்விட்டதா? இல்லை, இது வேறு ஏதாவதா?

பெயர் வேண்டாம் அம்மா.

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தூக்கம் நடுராத்திரியில் கலைவது, பசி போவது, படித்தது நிற்காமல் போவது, ஆட்களைப் பார்க்கத் தயங்குவது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுவது, இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். உங்களுக்கு அதைவிட அதிக நாளாக இருக்கிறது என்று தெரிகிறது. கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் ஏறக்குறைய இதே மாதிரி ஆளைச் சாய்க்கும், 47 வயதில் மாதவிடாய் நிற்கிற காலத்து மாற்றங்களும் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, கூடவே ஒரு மனநல மருத்துவர். உங்கள் பக்கத்தில் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. கவனமும் நினைவும் களைத்துக் கிடக்கும்போது ஜெபம் வராது, சமையல் கணக்கும் வராது. இதை விசுவாசம் போனதற்கு அடையாளமாக நான் எண்ணவில்லை.

முழிக்காமல் போனால் நல்லது என்ற நினைப்பை எழுதியது நல்லதாயிற்று. அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நினைப்பு "இப்படிச் செய்யலாமா" என்று வழி தேடும் இடத்துக்கு ஒரு நாள் வந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மகனைப் போனில் எழுப்புங்கள், அல்லது 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மனஸ் எண், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் மாத்திரைகள் நிறைய இருக்கும். அந்த டப்பா கொஞ்ச நாளைக்கு நம்பிக்கையான உறவினர் ஒருவர் எடுத்துக்கொடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

இந்த நினைப்பு வந்த முதல் விசுவாசி நீங்கள் இல்லை. 1 இராஜாக்கள் 19-ஐ ஓய்வுநாள் பள்ளியில் நீங்களே எடுத்திருப்பீர்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கின அத்தனை பெரிய வெற்றிக்குப் பின்னால் தீர்க்கதரிசி எலியா வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். தேவதூதன் வந்து அவனைக் கண்டிக்கவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். சுட்ட அடையும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கின்றன. எலியா சாப்பிட்டு மறுபடி படுத்துவிடுகிறான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொல்கிறான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற காரணத்தோடு. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கர்மேலின் அக்கினியோடு கதையை நிறுத்திவிடுகிறோம், இந்தப் பகுதிக்கு வருவதே இல்லை. உங்களுக்குப் பசி போயிருக்கிறது, எனவே இப்போதைக்கு உபவாசம் வேண்டாம். ஐயரே சொன்னாலும் வேண்டாம்.

அடுத்து அந்தப் பாட்டு. உங்களை உடைத்த விஷயம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. பெரும்பாலான மனிதர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கத்தை நம்பி இருக்கிறது. அங்கே அடைப்பு வந்தால், அறிவும் புரிதலும் இருந்தும் சொல் வெளியே வராது. அவருடைய மருத்துவச் சீட்டில் இதை அஃபேசியா என்று எழுதியிருக்கலாம். ஆனால் மெட்டு, பல வருஷம் பாடிப் பழகிய கீர்த்தனை, மனப்பாடமான பரமண்டல ஜெபம் இவற்றுக்கு வலது பக்கமும் துணை நிற்கும். அதனால்தான் ஒரு வார்த்தை பேச முடியாதவர் முழு வரியைப் பாடிவிடுகிறார். பேச்சுப் பயிற்சியாளர்கள் இதை நன்றாக அறிவார்கள், மெட்டை வைத்தே சொல்லைப் பழக்கும் முறையும் உண்டு. நீங்கள் சபையில் சொன்னது பொய்ச் சாட்சி இல்லை. அவர் பாடினார், வீட்டில் எல்லாரும் கேட்டீர்கள். அடுத்த நாள் பேசவில்லை என்பதால் நடந்தது இல்லையென்று ஆகிவிடாது. குடும்ப ஜெபத்தில் அவருக்குப் பிடித்த கீர்த்தனையைத் தினமும் பாடுங்கள், அவர் வாய் சேர்ந்தால் சேரட்டும். பேசும்போது டி.வி.யை அணைத்துவிட்டு, "காபியா, டீயா?" என்று ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது அவசரப்பட்டு நீங்கள் முடித்துவைக்காதீர்கள். தலையாட்டினாலும் விரலால் காட்டினாலும் அதுவும் பதில்தான். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆனால் பேச்சு விஷயத்தில் வருஷங்கள் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறவர்களைப் பார்க்கிறோம். எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்லமாட்டேன். அவருடைய கோபத்தையும் அழுகையையும் அவர் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது, அதற்கும் மருந்து இருக்கிறது.

மாத்திரையை நிறுத்தச் சொன்னதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மகன் சத்தம் போட்டது சரி. ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்தையோ ரத்த அழுத்த மாத்திரையையோ டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் மறுபடி பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். அந்த ஜெபக்குழு நண்பருக்கு வசனம் வேண்டுமென்றால் 2 இராஜாக்கள் 20-ஐக் காட்டுங்கள். வியாதிப்பட்ட ராஜா எசேக்கியாவின் ஆயுசோடு 15 வருஷம் கூட்டுவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகும் தீர்க்கதரிசி ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போடச் சொல்கிறான். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன.

உங்கள் அட்டை வசனத்துக்கும் வருகிறேன். எரேமியா 29 தீர்க்கதரிசி எரேமியா எழுதிய ஒரு கடிதம், பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து போனது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிறவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறான். ஜனங்களுக்குப் பிடித்த பேச்சாக அதுதான் இருந்திருக்கும். எரேமியாவோ 70 வருஷம் ஆகும் என்று எழுதுகிறான். கடிதத்தின் தொடக்கத்திலேயே, வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்கிறான். இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் நீங்கள் பிரேம் போட்ட 11-ஆம் வசனம் வருகிறது. அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். 5-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படித்திருந்தால், அவர் பேசுகிற நாளை மட்டும் நோக்கிக்கொண்டு உங்கள் வாழ்க்கையை நிறுத்திவைத்திருக்க மாட்டீர்கள். அவருக்குப் பேச்சு வர ஜெபியுங்கள், விடாமல் கேளுங்கள். அது வந்தாலும் வராவிட்டாலும், கடைத் திண்ணையில் சாயங்காலம் அவரை உட்கார வைக்கலாம். பழைய வாடிக்கையாளர்கள் வந்து பேசட்டும், அவர் கேட்கட்டும். நீங்களும் ஒரு வகுப்பையாவது மறுபடி எடுக்கலாம். இந்த மாதமே என்று இல்லை.

வார்த்தை வராத ஜெபத்தைப் பற்றி ரோமர் 8:26 இருக்கிறது. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாதபோது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்கிறது. அதனால் முழங்காலில் சும்மா நின்றுவிட்டு எழுந்தால் போதும். அழவேண்டும்போல இருந்தால் 88-ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் முடிவில் ஒரு துதி வந்துவிடும். இதில் வராது. அப்படியே விட்டுவிட்டார்கள், அதையும் வேதத்தில் வைத்துவிட்டார்கள்.

ஐயரிடம் சொல்லப் பயம் என்கிறீர்கள். பிரசங்கிகளுக்கே இது தெரியாத விஷயமில்லை. லண்டன் போதகர் ஸ்பர்ஜன் 22 வயதில், 1856 அக்டோபரில், ஓர் அரங்கில் பிரசங்கித்தபோது யாரோ "தீ" என்று கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மனச்சோர்வு அவரை வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பிடித்தது. அதை அவர் மறைக்காமல் பேசினார். உங்கள் ஐயர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. முதலில் அவர் மனைவி ஐயரம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், அது எளிதாக இருக்கலாம்.

ஜெபக்குழுவையும் நிறுத்த வேண்டாம், வேலை கொடுங்கள். துன்பத்தில் கிடந்த யோபுவின் சிநேகிதர் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வருகிறவர்களில் ஒருவரை இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டுக்காரரோடு உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் படுத்துத் தூங்குங்கள். இன்னொருவர் ஒரு வேளைச் சோறு கொண்டுவரட்டும். மகனை இந்த முறை வாரநாளில் லீவு போட்டு வரச் சொல்லுங்கள், புறநோயாளிப் பிரிவு காலையில்தான் இருக்கும். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தால், அது வேலை காட்டச் சில வாரம் ஆகும். முதல் வாரத்தில் பலன் இல்லையே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.