தீயணைப்பு வாகனம் வரும்வரை: மட்டக்களப்பு, அம்பாறை மக்களின் கேள்விகளும் பதில்களும்

கிழக்குக் கரையில் தீயணைப்பு, மீட்பு வேலையில் நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த வேலை பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நாடு முழுவதற்குமான தீயணைப்பு அவசர இலக்கம் 110. அதோடு உங்களுக்குக் கிட்டவுள்ள மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் கேட்டு வாங்கிப் போனில் போட்டு வையுங்கள். மட்டக்களப்பு என்றால் 065, கல்முனைப் பக்கம் 067 என்று தொடங்கும். எரியும்போது இலக்கம் தேடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஒருவர்): ஐயா, எங்கட ஊரில் ஒரு வீடு எரிந்தது. தீயணைப்பு வாகனம் வந்து சேரும்போது சுவர் மட்டும்தான் மிச்சம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற ஆட்கள் என்றால் இளக்காரமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது தம்பி. ஆனால் காரணம் இளக்காரம் என்று நான் நம்பவில்லை. நம் நாட்டில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் மாநகர சபைகளின் கையில் இருக்கிறது. பெரும்பாலான பிரதேச சபைகளிடம் அப்படி ஒரு பிரிவே இல்லை. ஆகவே நகரத்திலிருந்து வாகனம் புறப்பட்டு, வாவியைத் தாண்டி உங்களிடம் வர வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். அதற்கு முன் அந்த இடத்தில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றி வர வேண்டும். இருந்தாலும் தூரம் தூரம்தான். மெத்தை, பிளாஸ்டிக் கதிரை, திரைச்சீலை உள்ள ஒரு சாதாரண அறை, தீ பிடித்து ஐந்து நிமிடத்துக்குள்ளேயே முழுதாக எரியக்கூடும். கிடுகுக் கூரை அவ்வளவு நேரமும் தாங்காது.

அடுத்தது, அழைப்பு வருவதே பிந்தித்தான். முதலில் எல்லோரும் வாளியோடு ஓடுகிறார்கள். முடியாது என்று தெரிந்த பிறகுதான் போன் எடுக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் போனது போனதுதான். சின்னத் தீயாக இருந்தாலும் ஒருவர் அணைக்கட்டும், இன்னொருவர் அழைக்கட்டும். நீங்களே அணைத்துவிட்டால் திரும்ப எடுத்துச் சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அழைக்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கோயில் அல்லது பாடசாலைக்குப் பக்கம், என்ன எரிகிறது, உள்ளே ஆள் உண்டா, கேஸ் சிலிண்டர் உண்டா, லொறி அளவு வாகனம் ஒழுங்கைக்குள் வருமா, இவ்வளவும் சொல்லுங்கள். போனை நீங்களாக வைக்காதீர்கள். ஒரு பொடியனை மோட்டார் சைக்கிளில் பிரதான வீதிச் சந்திக்கு அனுப்பி நிற்க வையுங்கள். இரவில் இந்த ஒன்றே பல நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

கேள்வி (கல்முனை, பாடசாலை மாணவி): சேர், தீ இல்லாத நாட்களில் தீயணைப்பு வீரர்களுக்கு என்ன வேலை?

பதில்: நல்ல கேள்வி மகள். காலையில் ஆட்கள் முறை மாறியவுடன் வாகனத்தின் பம்பை இயக்கிப் பார்க்க வேண்டும். தொட்டி நிரம்பியிருக்கிறதா, பற்றரி, டயர், ஏணி, வெட்டும் கருவிகள் எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். பாவித்த ஹோஸைக் கழுவிக் காயவிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடித்து, அடுத்த முறை அழுத்தத்தில் வெடிக்கும்.

முதுகில் மாட்டும் சிலிண்டரைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒட்சிசன் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று, பொதுவாக 300 பார் அழுத்தம் வரை. அரை மணித்தியாலம் வரும் என்பது கணக்கு. புகைக்குள் ஆளைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். காற்று குறைந்ததும் விசில் அடிக்கும், உடனே வெளியே வர வேண்டும். அந்த விசில் அடிக்கிறதா என்று பார்ப்பதும் தினசரி வேலைதான்.

அப்புறம் தண்ணீர். நாலாயிரம் லீட்டர் கொள்ளும் வாகனம் ஒன்று, நிமிடத்துக்கு 400 லீட்டர் வீதம் ஒரு ஹோஸில் அடித்தால் பத்தே நிமிடத்தில் தொட்டி காலி. பவுசர் வரும்வரை கிணறு, குளம், வாவி என்று தேட வேண்டும். பம்பால் உறிஞ்சி எடுக்கக்கூடிய ஆழம் நடைமுறையில் ஏழு மீற்றர் அளவுதான். நம் கரையோர மணல் கிணறுகள் ஆழமில்லாதவை, அதனால் எட்டும். ஆனால் ஊற்று ஈடுகொடுக்காது, கொஞ்ச நேரத்தில் அடி மணல் தெரிந்துவிடும். வாவித் தண்ணீர் வேண்டிய மட்டும் இருக்கிறது, அதில் உப்பு. அடித்து முடிந்ததும் பம்பையும் ஹோஸையும் நல்ல தண்ணீரால் கழுவாமல் விட்டால் துரு தின்றுவிடும். எங்கே வாகனத்தை வாவிக்கரை வரை இறக்கலாம், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்று ஊர் ஊராகப் பார்த்துக் குறித்து வைப்பதும் எங்கள் வேலை. வெளியில் யாருக்கும் தெரியாத வேலை இது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

கேள்வி (காத்தான்குடி, புடவைக்கடை வைத்திருப்பவர்): எங்கட ஒழுங்கைகளுக்குள் ஃபயர் வண்டி வராது. கடைகளும் ஒன்றோடு ஒன்று ஒட்டி இருக்கின்றன. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: வண்டி வராவிட்டாலும் ஹோஸ் வரும். துண்டு துண்டாகப் பூட்டி நூறு மீற்றருக்கு மேலும் இழுக்கலாம். எங்களை மறிப்பது ஒழுங்கை வாயில் நிறுத்திய மோட்டார் சைக்கிள்களும், வீதிக்குக் குறுக்கே தாழத் தொங்கும் வயர்களும்தான். கடைக்காரர்கள் கூடிப் பேசி இவை இரண்டையும் சரிசெய்தாலே பெரிய காரியம்.

உங்கள் கடைக்குள் முதலில் மின் பெட்டியைப் பாருங்கள். அதற்கு முன்னால் துணி மூட்டை அடுக்கியிருந்தால் இன்றைக்கே எடுங்கள். இரவில் கடை பூட்டும்போது மெயின் சுவிச்சை நிறுத்தலாமே. ட்ரிப் சுவிச் இருக்கிறது, பயமில்லை என்று நினைக்காதீர்கள். அது முக்கியமாக ஆளைக் கரண்ட் அடிப்பதிலிருந்து காப்பது. தளர்ந்த இணைப்பு சூடாகிப் புகைவதை அது அறியாது. பின்கதவு இருந்தால் உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். பெருநாள் நேரம் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது ஒரே வாசல்தான் என்றால் நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி (அதே பக்கத்திலிருந்து இன்னொருவர்): எந்தத் தீயணைப்பான் வாங்குவது?

பதில்: கடைக்கும் வீட்டுக்கும் உலர் தூள் வகை. துணி, எண்ணெய், கரண்ட் மூன்றுக்கும் ஆகும். கணினி, மின் பெட்டி உள்ள இடத்துக்குக் காபனீரொட்சைட்டு (CO2) வகை நல்லது, தூள் படியாது. வாங்கியதும் வாசல் பக்கம் மாட்டுங்கள், குசினிக்குள் அடுப்புக்கு மேலே வேண்டாம். தூள் தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். ஊசியை இழுத்து, தீயின் அடிப்பாகத்தைப் பார்த்துப் பிடித்து, அழுத்தி, பக்கவாட்டில் வீசுங்கள். சிறிய தீயணைப்பான் பத்துப் பதினைந்து வினாடிதான் அடிக்கும். வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க நின்றுகொள்ளுங்கள்.

கேள்வி (கல்லடியிலிருந்து ஒரு தங்கை): அண்ணா, இரவில் எழும்பும்போது கேஸ் மணத்தால் என்ன செய்வது? 2021இல் நடந்தவற்றைப் பார்த்ததிலிருந்து பயம் போகவில்லை.

பதில்: அந்த ஆண்டு நவம்பர், டிசம்பரில் நாடு முழுவதும் வீடுகளில் கேஸ் வெடித்தபோது எல்லோருக்கும் அந்தப் பயம் வந்தது. சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. நிலத்தோடு படிந்து பரவும், கட்டிலுக்கு அடியிலும் தேங்கும். மணத்தால் லைட்டைப் போடாதீர்கள், எரிகிற லைட்டை நிறுத்தவும் வேண்டாம். சுவிச்சில் வரும் ஒரு பொறி போதும். மின்விசிறி, நெருப்புப்பெட்டி, குசினிக்குள் போன், எதுவும் கூடாது. பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கதவு, சன்னலை அகலத் திறந்து, கிட்டப் போகக்கூடியதாக இருந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். பிறகு வளவுக்கு வெளியே வந்து அழையுங்கள்.

சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. ஹோஸ் வெடித்து இறுகியிருந்தால் டேப் சுற்ற வேண்டாம், மாற்றுங்கள்.

பொரிக்கிற சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு லீட்டர் தண்ணீர் கொதித்தால் ஏறத்தாழ 1,700 லீட்டர் நீராவியாகும். அது எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி வீசும். அடுப்பை நிறுத்தி, மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, நெய், முட்டை எதுவும் பூசாமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

கேள்வி (வெல்லாவெளியிலிருந்து ஒருவர்): கிணறு இறைக்க வாட்டர் பம்பை உள்ளே இறக்கினார்கள். ஒருவர் மயங்க, தூக்கப் போனவரும் மயங்கிவிட்டார். ஏன் அப்படி?

பதில்: இந்தக் கேள்வியை எல்லோரும் நிதானமாக வாசிக்க வேண்டும். மேலே ஏழு மீற்றர் என்று சொன்னேன் அல்லவா, ஆழக் கிணற்றில் மெசினை உள்ளே இறக்குவது அதனால்தான். பெற்றோல், மண்ணெண்ணெய் மெசின் ஓடும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வெளிவருகிறது. நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தம் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான விருப்பத்தோடு அதைப் பிடித்துக்கொள்ளும். கிணற்றுக்குள் காற்றோட்டம் கிடையாது. உள்ளே நிற்பவருக்கு முதலில் தலைச்சுற்று, பிறகு கால் தளரும். ஏற வேண்டும் என்று நினைப்பதற்குள் விழுந்துவிடுவார். மெசினை நிறுத்தினாலும் நச்சு நெடுநேரம் நிற்கும்.

விளக்கை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்று சொல்வார்கள். ஒட்சிசன் நன்றாகக் குறைந்தால் விளக்கு அணையும். காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

எஞ்சின் மெசினை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். நீரில் மூழ்கி வேலை செய்யும் மின் பம்பை இறக்குங்கள். அது ஓடும்போது யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஆள் இறங்குவதானால் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்து நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் அண்ணனோ தகப்பனோ யாராக இருந்தாலும் பின்னால் இறங்காதீர்கள். முகமூடிக் காற்றோடு வருபவர்கள்தான் இறங்க வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். இரண்டாவதாக இறங்கியவரையும் சேர்த்துத் தூக்கிய கை இது, அதனால் சொல்கிறேன்.

கேள்வி (சம்மாந்துறை, அரிசி ஆலை): உமிக் குவியலில் தீ. அணைத்தோம், மறுநாள் திரும்பப் புகைகிறது.

பதில்: உமி மேலே கறுத்துக் கிடக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மேலே தண்ணீர் அடித்தால் வழிந்து ஓடிவிடும். குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பரப்பி, பரப்பியதை நனைக்க வேண்டும். மேலே ஏறி நிற்காதீர்கள், உள்ளே வெந்து குழியாகியிருக்கும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவுக்கும் ஆள் காவல் வையுங்கள். அந்தக் காலத்தில் வைக்கோலுக்கும் குப்பைக்கும் மத்தியானத்தில் நெருப்பு வைக்கவே வேண்டாம்.

கேள்வி (காரைதீவிலிருந்து ஒருவர்): வெள்ளத்தில் வீதி மூடினால் உழவு இயந்திரத்தில் போகலாமா? யாரை அழைப்பது?

பதில்: 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டதை நாம் யாரும் மறக்க முடியாது. இயந்திரம் பாரம், பின்னால் பூட்டிய பெட்டி அப்படியில்லை. பக்கவாட்டில் வரும் ஓட்டம் முதலில் பெட்டியைத் தள்ளும், பெட்டி இயந்திரத்தை இழுக்கும். 60 சென்ரிமீற்றர் ஓடும் தண்ணீர் பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும். வீதியின் விளிம்பு தெரியாவிட்டால் திரும்புங்கள், பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. உங்கள் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள். அவர்கள் வழியாகத்தான் கடற்படை, இராணுவப் படகுகள் ஒழுங்காகும். ஒருவர் தண்ணீரில் அடிபட்டுப் போனால் பின்னால் குதிக்காதீர்கள். மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கானில் கயிறு கட்டி, அவருக்கு முன்னால் விழும்படி எறியுங்கள்.

கேள்வி (போரதீவுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர்): தம்பி, எங்கட பிரதேச சபையிடம் ஒரு தீயணைப்பு வாகனம் கேட்டு மனு எழுதப் போகிறோம். என்ன எழுதுவது?

பதில்: ஐயா, வாகனம் கேளுங்கள், கேட்க வேண்டும். வாவிக்கு அப்பால் ஒரு நிலையம் அவசியம் என்று நான் வேலையில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் பெரிய வாகனம் வந்தால் சாரதி, டீசல், பயிற்சி பெற்ற ஆட்கள் என்று மாதாமாதம் செலவு நிற்கும். அந்தப் பணம் ஒதுக்காமல் வாகனத்தை மட்டும் வாங்கினால் கொட்டகையில் கிடந்து துருப்பிடிக்கும். அதனால் அது வரும்வரை உடனே ஆகக்கூடியதையும் சேர்த்து எழுதுங்கள். சபையிடம் இருக்கிற தண்ணீர்ப் பவுசருக்கு ஒரு சிறிய பம்பும் இரண்டு நீள ஹோஸும் பூட்டித் தரட்டும். அந்தப் பவுசரை இரவில் வெறுமையாக நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு கிராமத்திலும் பத்து இளைஞர்களுக்கு, பெண்பிள்ளைகளையும் சேர்த்து, மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவிடமும் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் பயிற்சி ஒழுங்கு செய்யட்டும். தண்ணீர் எடுக்கக்கூடிய இடங்களுக்கு வாகனம் இறங்கும் பாதை போட்டு, அடையாளப் பலகை நடட்டும்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள். பம்பின் அளவு, ஹோஸின் விட்டம் போன்ற விவரங்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.